வடிவு டெஸ்ட்

சன்னல் பக்கம் நீங்களே இருங்க தம்பி, எனக்கு வேண்டாம். இந்தப் பைய மட்டும் கால்மாட்டுல வச்சுக்கிடுதேன். சாஞ்சா சொல்லுங்க. உள்ள நார்த்தங்கா ஊறுகா பாட்டில் இருக்கு, மூடி சரியில்ல. என் வீட்டுக்காரிக்குக் கொண்டு போறேன். பாவூர்சத்திரத்துல அவ அக்கா வீட்டுல இருக்கா. இப்ப அவ வாய்க்கு வேற ஒண்ணும் புடிக்கல.

ஏறும்போது போன்ல இன்டர்ன்ஷிப் இன்டர்ன்ஷிப்னு யார்கிட்டயோ சொன்னீங்களே. ஒட்டுக் கேக்கல தம்பி, பக்கத்துல இருந்தா காதுல விழத்தான செய்யும். என்ன படிக்கீங்க? சமூகப்பணியா. தென்காசி ஆஸ்பத்திரியில இன்டர்ன்ஷிப்பா. சரி சரி. அந்தச் சொல்லக் கேட்டாலே எனக்கு இப்பல்லாம் அசதியா வருது. கோவம்கூட இல்ல, கோவப்பட்டு முடிச்சாச்சு. அசதிதான்.

எத்திக்ஸ் கமிட்டின்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பிள்ளைங்க லீவுல இன்டர்ன்ஷிப்னு ஆஸ்பத்திரி, கிராமம்னு போயி ஜனங்ககிட்ட கேள்வி கேட்டு ஆராய்ச்சி பண்ணுதாங்கல்லா, அதுக்கு முன்னால அந்தக் கமிட்டி சரின்னு சொல்லணும். எங்க ஊர்ப்பக்கம் ஒரு தனியார் காலேஜ், பேரு வேண்டாம். அதோட கமிட்டியில டாக்டர் உண்டு, வக்கீல் உண்டு, புரொபசர்மாரு உண்டு. அது போக ஒண்ணும் தெரியாத பொது ஆள் ஒருத்தர் கட்டாயம் இருக்கணும். விதியே அப்படித்தான். அந்த ஒண்ணும் தெரியாத ஆள் நான். சிரிக்காதீங்க. ரயில்வே புக்கிங் கவுண்டர்ல இருந்து ரிட்டையர் ஆனவன். பிரமநாயகம்னு என் பேரச் சொன்னாலே அந்தக் காலேஜுல பிள்ளைங்க பயப்படும்.

எதுக்குப் பயப்படும்னா, நான் மழுப்ப விடமாட்டேன். ஒரு பையன் வந்தான், "சில பரிசோதனைகள் செய்வோம்"னு சொன்னான். சில என்னல சில, ரத்தமா, மூத்திரமா, என்ன எடுப்ப, எவ்வளவு எடுப்ப, எடுத்த பொறவு அத என்ன செய்வ, எல்லாத்தையும் சொல்லுன்னேன். இன்னொரு பிள்ள, "அசௌகரியம் ஏற்படலாம்"னுது. அசௌகரியம்னா வலிக்குமா? வலிக்கும்னா வலிக்கும்னு சொல்லேன்மா. ஒரு மனுசனுக்கு அவன் உடம்புல என்ன நடக்குன்னு தெரிய வேண்டாமா? அதுக்கு மேல ஒருத்தனுக்கு என்ன உரிம இருக்கு? இப்படிக் கேட்டுக் கேட்டே அந்தப் பிள்ளைங்கள அழ வச்சிருக்கேன். டாக்டர்கூட ஒருநா சொன்னாரு, உங்கள மாதிரி ஆள் எல்லாக் கமிட்டியிலயும் இருக்கணும் சார்னு.

அதுல வடிவு டெஸ்ட்னு ஒண்ணு வச்சிருந்தேன். வடிவுங்கது என் வீட்டுக்காரி. செண்பகவடிவு. எட்டாங் கிளாசோட நின்னவ. ஆராய்ச்சிக்குப் போற எந்தப் பிள்ளையா இருந்தாலும் எங்க வீட்டுக்கு வரணும். அவ கீர உருவிக்கிட்டு இருப்பா, இல்ல பருப்புல கல்லுப் பொறக்கிக்கிட்டு இருப்பா. எதுத்தாப்புல உக்காந்து, கையில பேப்பர் இல்லாம, நான் இன்ன ஆராய்ச்சி பண்ணுதேன், உங்ககிட்ட இன்னது கேப்பேன்னு வாயால சொல்லணும். கேட்டுட்டு அவ திருப்பிச் சொல்லுவா. அவ சொல்லுதது சரியா இருந்தா பாஸ். தப்பா இருந்தா, தப்பு அவ மேல இல்ல, உன் மேல. போயிட்டுத் திரும்ப வா.

கடைசியில அவ ஒரே ஒரு கேள்வி கேப்பா. எல்லாப் பிள்ளைகிட்டயும் அதே கேள்விதான். "வேண்டாம்னா விட்டுருவீங்களா?" அவ்வளவுதான். விட்டுருவோம் அக்கான்னு உடனே சொல்லணும். யோசிச்சாலோ, இல்லக்கா இதுல உங்களுக்கு நல்லதுதானன்னு இழுத்தாலோ போச்சு. பிள்ளைங்களுக்கெல்லாம் அவள ரொம்பப் புடிக்கும். என்னயக் கண்டா ஓடும், அவளக் கண்டா ஒட்டிக்கிடும்.

இது ஆலங்குளம் போற வழிதான? மாறாந்த ஊரே இன்னும் வரல. சரி, நேரம் இருக்கு.

போன வருசம் வடிவுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. என்ன நோயின்னா... சினிமா தியேட்டர்ல படம் போடுததுக்கு முன்னால காட்டுவாங்கல்லா, சிகரெட் பாக்கெட்டுல படம் போட்டிருக்குமே, அந்த நோயி. இவளுக்குக் கர்ப்பப்பையில. அந்தப் பேரு என் வாயில எதுக்கு. உங்களுக்கு வெளங்குதுல்லா, போதும்.

ஆஸ்பத்திரியில லேடி டாக்டர் என்னயத் தனியாக் கூப்பிட்டு, அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்லுதீகளான்னு கேட்டாங்க. படிக்கட்டுல நின்னு மஸ்கட்ல இருக்க மூத்த மகனுக்குப் போன் போட்டேன். அவன் அழுதான். நானும்தான். ரெண்டு பேருமாப் பேசி, அவகிட்ட சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணுனோம். அவ தாங்க மாட்டா. அவ அம்ம அந்த நோயிலதான் போனா. கர்ப்பப்பையில சாதாக் கட்டி, எடுத்தாச் சரியாப் போகும்னு சொன்னோம். எடுத்தாச்சு. பொறவு ஊசி. அது புண்ணாற ஊசின்னேன். முடி கொட்டுச்சு, மருந்துச் சூடுன்னேன். அந்த ஊசி போடுத கட்டடத்துல வாசல்லயே போர்டு உண்டு, தமிழ்ல கொட்ட எழுத்துல இன்ன பிரிவுன்னு போட்டிருக்கும். நான் முன்னால எறங்கிப் போயி அந்தப் போர்ட மறச்சுக்கிட்டு நின்னுக்கிடுவேன். ஒவ்வொரு தடவையும். அவ கொடய மடக்கிக்கிட்டு என்னயப் பாத்துச் சிரிப்பா. வாங்க, உள்ள போவோம், எதுக்கு வெயில்ல நிக்கீகம்பா.

இது மறைக்கதுன்னு சொல்லுவீங்களா? நான் சொல்ல மாட்டேன். ஆராய்ச்சி வேற, குடும்பம் வேற. கமிட்டியில வாரது யாரு என்னன்னு தெரியாத ஜனங்க, அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லித்தான் ஆகணும். இவ எனக்கு வாக்கப்பட்டவ. இவ நல்லாத் தூங்கணும், நாலு வாய் சோறு திங்கணும். அதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொந்தக்காரன் எவனும் உளறிரக் கூடாதேன்னு கலியாண வீட்டுக்குக்கூடக் கூட்டிட்டுப் போறதில்ல. அவ அக்காகிட்டகூடச் சொல்லல.

அப்பதான் பெனிட்டான்னு ஒரு பிள்ள வந்தா. கடைசி வருசம். நல்ல பிள்ள, அதச் சொல்லாம இருக்க முடியாது. கமிட்டி முன்னால எந்திரிச்சு நின்னு, அந்த நோயி வந்தவங்களுக்கு வீட்டுல உள்ளவங்க சொல்லாம மறைக்காங்க சார், அதப் பத்தித்தான் என் இன்டர்ன்ஷிப்புன்னா. நல்ல தலைப்பு, காலத்துக்குத் தேவையான தலைப்புன்னு நானே சொன்னேன். ஆனா அவ பேச்சு பொத்தாம் பொதுவா இருந்தது. மறைக்காங்க, மறைக்காங்கன்னா? எப்படி மறைக்காங்க? சனங்களுக்கு வெளங்குத மாதிரி நாலு உதாரணம் சொல்லும்மான்னேன். அது முழிச்சுது. நானே சொன்னேன். சாதாக் கட்டிம்பாங்க. புண்ணாற ஊசிம்பாங்க. முடி கொட்டுனா மருந்துச் சூடும்பாங்க. போர்ட மறச்சுக்கிட்டு நிப்பாங்க. இதையெல்லாம் சொல்லிக் கேளு, உண்மை வரும்னேன்.

கமிட்டியில எல்லாரும் என்னையே பாத்தாங்க. டாக்டர் பேனாவக் கீழ வச்சுட்டாரு. ஒண்ணும் தெரியாத ஆளுன்னு உக்கார வச்சவன் இவ்வளவு நுணுக்கமாச் சொல்லுதானேன்னு இருந்திருக்கும்.

பொறவு அந்தப் பிள்ளையக் கூப்பிட்டு, உனக்கு வடிவு டெஸ்ட் வேண்டாம்மா, நானே பாஸ் போட்டுட்டேன், நீ வேலைய ஆரம்பின்னேன். ஏன்னு கேட்டா. வீட்டுல வடிவு அக்காவுக்கு உடம்பு சரியில்லன்னேன். என்ன உடம்புக்குன்னு கேட்டா. மேலுக்குச் சரியில்லன்னேன். அதோட விடணுமா வேண்டாமா?

மறுவாரம் நான் ரேஷன் கடைக்குப் போயிட்டு வாரேன், வாசல்ல தெரியாத செருப்பு கெடக்கு. உள்ள அந்தப் பிள்ள வடிவு முன்னால சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. வடிவு முருங்கக் கீர உருவிக்கிட்டு இருக்கா. தலையில துண்டக் கட்டிக்கிட்டு. அந்தப் பிள்ள சொல்லி முடிச்சிருச்சு போல, இவ திருப்பிச் சொல்லிக்கிட்டு இருக்கா. நான் வாசல் நடயிலயே நின்னுட்டேன், சீனிப் பையக் கையில வச்சுக்கிட்டு.

அவ சொல்லுதா. "அதாவது பாப்பா, ஒரு வீட்டுல ஒருத்திக்கு அந்த நோயி வந்திருக்கும்." அந்தப் பேரச் சொன்னா தம்பி. வெங்காயம், தக்காளின்னு சொல்லுத மாதிரிச் சொன்னா. "வீட்டுல எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. கட்டின்னு சொல்லிருப்பாங்க. புண்ணாற ஊசின்னு சொல்லிருப்பாங்க. அவளுக்கு மேலுக்கு முடியல, ஆனா என்னன்னு கேக்க முடியாது. கேட்டா வீட்டுல உள்ளவங்க மொகம் வாடிப் போகும். அதனால அவ தெரியாத மாதிரியே இருந்துக்கிடுவா. ராத்திரி அவரு தூங்கலன்னு அவளுக்குத் தெரியும், அவ தூங்கலன்னு அவருக்குத் தெரியாது. அவகிட்ட போயி நீ பேசப்போற. சரியா?"

அந்தப் பிள்ள அவ மொகத்தையே பாத்துது. பொறவு, "அக்கா, நான் ராத்திரி தூங்காததெல்லாம் சொல்லலியே"ன்னா.

"சொல்லலியா? நீ சொன்ன மாதிரி இருந்துச்சே"ன்னா இவ. கீரக் காம்ப ஒதுக்கிப் போட்டா. "வேண்டாம்னா விட்டுருவீங்களா?"

"விட்டுருவோம் அக்கா."

"பாஸ்"னா. எந்திரிச்சு அந்தப் பிள்ளைக்குக் காப்பி போடப் போனா. என்னயப் பாத்தா. சீனிய இங்க வைங்கன்னா. அவ்வளவுதான் சொன்னா.

அன்னைக்கு ராத்திரி சண்ட போடுவா, அழுவான்னு பாத்தேன். ஒண்ணுமில்ல. முருங்கக் கீரப் பொரியல் வச்சா, சாப்பிட்டோம். நானும் கேக்கல. என்னன்னு கேக்க? ரெண்டு மூணு நாள் கழிச்சு, அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாரேன்னு கெளம்பிட்டா. அவளே பையத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல போயிட்டா.

இதுக்கெல்லாம் யாரு காரணம்? அந்தப் பிள்ளதான. நான் வேண்டாம்னு சொன்ன பொறவும் வீட்டுக்கு வந்தா எப்படி? கமிட்டியில எழுந்து நின்னு சொன்னேன், இந்தப் பிள்ள இன்டர்ன்ஷிப்ப ரத்து பண்ணணும்னு. டாக்டர் கேக்காரு, அது என்ன தப்பு பண்ணுச்சு சார்னு. அனுமதி இல்லாம என் வீட்டுக்கு வந்துச்சுன்னேன். எல்லாப் பிள்ளையும் வரணும்னு நீங்கதான சட்டம் போட்டீங்கன்னாரு. அந்தப் பிள்ளையும் சொல்லுது, எல்லாரும் அக்காகிட்ட போயி பாஸ் வாங்குனாங்க, எனக்கு மட்டும் சலுகை குடுத்தா அது நேர்மை இல்லன்னு நெனச்சேன் சார், அக்காவுக்கு இப்படின்னு சத்தியமா எனக்குத் தெரியாது சார்னு. கண்ணுல தண்ணி. நான் விளக்கிச் சொல்லணும்னா வடிவோட சங்கதிய எல்லார் முன்னாலயும் சொல்லணும். ராஜினாமான்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். யாரும் தடுக்கல.

அதோட போச்சான்னா இல்ல. அந்தப் பிள்ள ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழம பாவூர்சத்திரம் போகுதாம். இவதான் போன் போட்டுக் கூப்பிட்டாளாம். ஆராய்ச்சிக்கு மொத ஆளா இவளே சேந்துட்டா. ரெண்டு பேரும் மொட்ட மாடியில உக்காந்து மணிக்கணக்காப் பேசுதாங்கன்னு அவ அக்கா சொல்லுதா. எங்கிட்ட பேசாதவ அதுகிட்ட என்ன பேசுதா? எனக்குப் பொறுக்கல தம்பி. காலேஜ் வாசல்ல போயி நின்னேன். ஏம்மா பெனிட்டா, அக்கா என்ன சொல்லுதா? எம்மேல கோவமா இருக்காளா? அது மட்டுமாவது சொல்லும்மான்னு கேட்டேன். கெஞ்சுனேன்னே வச்சுக்கோங்க.

அது கையக் கட்டிக்கிட்டு நிக்கு. "அவங்க சொன்னத வெளிய சொல்லக் கூடாது சார். புருசனே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சார் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க"ங்குது.

சொல்லிக் குடுத்தது நான்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் படிச்சுப் படிச்சுச் சொன்னது நான்தான். அதுக்கு இப்படியா?

இப்ப தல போற காரியம் என்னன்னா, நோயி மறுபடி கொஞ்சம் தலையக் காட்டுது. புது ஊசி போடணும். தேதி தாண்டிட்டு. லேடி டாக்டர் போன் பண்ணி, இனிமே தள்ளிப் போடாதீங்க, ஒவ்வொரு வாரமும் முக்கியம்னு சத்தம் போட்டாங்க. நேத்து வடிவுக்குப் போன் போட்டேன். வந்து கூட்டிட்டுப் போறேன் வடிவு, ஊசிக்கு நேரமாச்சுன்னேன். என்ன ஊசின்னு கேட்டா. புண்ணாற... அப்படின்னு வாயில வந்துட்டு தம்பி. பழக்கம்.

அவ சிரிச்சா. சிரிச்சுட்டுச் சொன்னா, "வாங்க. எந்தப் பஸ்ஸுன்னு சொல்லுங்க, நான் ஸ்டாப்புக்கு வந்து நிக்கேன். அக்கா வீட்டுப் படி ஏறுததுக்கு முன்னால, எனக்கு என்ன நோயி, என்ன ஊசி, போட்டா என்ன, போடலன்னா என்ன, எல்லாத்தையும் உங்க வாயால சொல்லணும். நான் திருப்பிச் சொல்லுவேன். பொறவு நான் ஒரு கேள்வி கேப்பேன்."

என்ன கேள்வின்னு உங்களுக்கே தெரியும்.

அதுக்கு நான் என்ன பதில் சொல்ல? வேண்டாம்னா விட்டுருவோம்னு அந்தச் சின்னப் பிள்ளைங்க பொசுக்குன்னு சொல்லிரும். அதுங்களுக்கு என்ன, வேற வீட்டுக்குப் போகும். எனக்கு வேற வீடு ஏது? அவ இல்லாம அந்த வீட்டுல நான் என்ன செய்ய? இந்த ஊறுகா பாட்டில் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கவே முழுசா ஒரு நாள் ஆச்சு.

தம்பி, ஒரு ஒத்தாச பண்ணுதீகளா? நீங்களும் இன்டர்ன்தான, இது உங்களுக்குப் பழக்கமான வேலைதான். நான் அவகிட்ட சொல்லப் போறத உங்ககிட்ட ஒருக்காச் சொல்லிப் பாக்கேன். நீங்க திருப்பிச் சொல்லுங்க. சரியா? சொல்லுதேன்.

வடிவு, இங்க பாரு. போன வருசம் உனக்கு ஆபரேஷன் பண்ணுனோம்லா. அது வந்து, கர்ப்பப்பையில ஒரு கட்டி இருந்தது. எடுத்தாச்சு. இப்ப மறுபடி லேசாத் தெரியுதாம். பயப்பட ஒண்ணுமில்ல. ஊசி போட்டாச் சரியாப் போகும். போடலன்னா... போடலன்னு எதுக்கு நெனைக்கணும், போட்டுருவோம். அவ்வளவுதான்.

இப்ப நீங்க சொல்லுங்க தம்பி.

என்னது? கட்டின்னா சொன்னேன்?

இல்லியே. நான் அந்தப் பேரத்தான... கட்டின்னா சொன்னேன்?

அது கணக்குல இல்ல. மொதல்ல இருந்து சொல்லுதேன். ஆலங்குளம் வந்துட்டா? தாண்டிட்டா? எப்பத் தாண்டுச்சு, நான் பாக்கவே இல்லியே. வடிவு, இங்க பாரு. உனக்கு வந்திருக்கது வந்து... இருங்க. வடிவு, உனக்கு வந்திருக்கது...

பாவூர்சத்திரமா? அதுக்குள்ளயா?

அந்தா நிக்கா பாருங்க. பழக்கட பக்கத்துல, தலையில துண்டு கட்டிக்கிட்டு. ரொம்ப மெலிஞ்சுட்டா. இந்த வெயில்ல எதுக்கு முன்னாலயே வந்து நிக்கா, கொடயக்கூட விரிக்காம. ஒவ்வொரு சன்னலாப் பாக்கா. எறங்கணும். எறங்குதேன். எறங்கத்தான வந்தேன்.

கண்டக்டர், தென்காசிக்கு ஒண்ணு குடுங்க. ஆமா, எனக்குத்தான்.

போயிட்டுத் திரும்பி வந்துருவேன் தம்பி, அடுத்த பஸ்ஸுல. அதுக்குள்ள நல்லாச் சொல்லிப் பழகிக்கிடுதேன். நீங்க சன்னல் பக்கம்தான இருக்கீங்க. இந்தப் பைய மட்டும் அவகிட்ட நீட்டிருங்க. நார்த்தங்கான்னு சொல்லுங்க. கொஞ்சம் முன்னால சாஞ்சுக்கிடுங்க, நான் இருக்கது தெரியாம. அவ என்னமும் கேட்டா, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.